எண்ணும் எழுத்தும்: திறன்பேசித் தளங்களின் போட்டி வரலாறு

ஒரு கருவியின் மேன்மையை அதன் உறுப்புகளின் அளவுகொண்டு துணிதல் நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். நீரிறைக்கும் இயந்திரம் வாங்குவோர் குதிரைவலுவை வினவுவர்; முற்காலத்தில் வானொலிப்பெட்டி வாங்கியோர் அதனுள் எத்தனை வால்வு உள என வினவினர். இன்று திறன்பேசி வாங்கச் செல்லும் இளைஞர், எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜிகாபைட், முறைவழியாக்கியில் எத்தனை கரு என்று வினவுகின்றனர். கடைக்காரரும் பெட்டியின் புறத்தே அச்சிட்ட எண்களையே மறுமொழியாக ஓதுகின்றனர். நெல் விற்ற பணத்தில் ஒரு பகுதியை இவ்வெண்களின் பொருட்டுக் கொடுக்கும் குடும்பங்கள் வன்னியில் உள. ஆதலின் இவ்வெண்கள் உண்மையில் எத்துணைப் பெறுமதி உடையன என ஆராய்தல் வெறும் பொழுதுபோக்கன்று. கடந்த பதினெட்டு ஆண்டுகாலத் திறன்பேசி வரலாற்றை நோக்குமிடத்து, வென்றவை யாவும் எண்ணாற் பெரியன அல்ல என்பதும், தோற்றவற்றுட் சில எண்ணால் நிகரற்றனவாய் விளங்கின என்பதும் புலனாகும். வெற்றி தோல்விகளை நிருணயித்தவை வேறு. அவற்றுள் ஒன்று எழுத்து. அதிலும் சிறப்பாகத் தமிழ்போலும் மொழிகளின் எழுத்து.

இவ்வரலாற்றை அமெரிக்க நகரங்களிலிருந்து எழுதினோர் பலர். கனகராயன்குளத்திலிருந்து காணுங்கால் அது வேறொரு தோற்றம் தருகின்றது. வவுனியாவினின்று ஏ9 வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்வோர் ஓமந்தையும் புளியங்குளமும் கடந்து இவ்வூரை அடைவர், இதற்கப்பால் மாங்குளம். ஊரின் பெயரைத் தாங்கிய கனகராயன் ஆறே இரணைமடுக் குளத்திற்கு நீர் ஊட்டுவது. நெற்செய்கையும் மேட்டுநிலப் பயிரும் வாழ்வாதாரமாகவுள்ள இப்பிரதேசத்தில், 1990 முதல் போர் முடியும்வரை தேசிய மின்வழங்கல் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையிருந்த காலத்தில் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பண்டங்களுள் அடங்கின. அக்காலத்தில் நம் மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தைக் கையாற் சுற்றி, டைனமோவில் எழுந்த மின்னால் வானொலிச் செய்தி கேட்டனர் என்பதை மூத்தோர் யாவரும் அறிவர். வானொலிப்பெட்டியின் விலையோ, அதன் ஒலிபெருக்கியின் ஆற்றலோ ஈண்டுப் பொருட்படுத்தப்படவில்லை. சக்கரம் சுற்றும்பொழுது அது பேசிற்றா என்பதே வினா. கருவியை அளக்கும் முறைகளுள் இதனினும் கடுமையானதும் நேர்மையானதும் வேறில்லை என்பது எமது துணிபு.

மேலே செல்லுமுன் ஒரு சொல்லை விளக்குதல் வேண்டும். கையிற் பிடித்து உணரத்தக்க முறைவழியாக்கி, நினைவகம், ஒளிப்படக் கருவி, மின்கலம், திரை ஆகியன வன்பொருள் எனப்படும். அவற்றை ஆளும் பணிசெயல் முறைமையும், அதன்மேல் இயங்கும் செயலிகளும், அச்செயலிகளை வழங்கும் அங்காடியும், அவற்றை ஆக்குவோரும் பாவிப்போரும் சேர்ந்த முழுமையைத் தளம் என்பர். வன்பொருள் ஒரு வீட்டை ஒக்கும். தளம் அவ்வீடு அமைந்த ஊரை ஒக்கும். கிணறும் கடையும் பாடசாலையும் இல்லாத காட்டில் மாளிகை கட்டினாலும் அங்கே குடியிருப்போர் அரியர்.

தளங்களின் போட்டி திறன்பேசியோடு தொடங்கியதன்று. 1975 ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் பீற்றாமக்ஸ் என்னும் ஒளிநாடா முறையை வெளியிட்டது; அடுத்த ஆண்டில் ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் முறையைக் கொணர்ந்தது. படத்தின் தெளிவில் முன்னது சிறிது மேம்பட்டதென்பர். ஆயின் அதன் முதல் நாடா ஒரு மணிநேரமே ஓடிற்று. மற்றையது இரண்டு மணிநேரம் ஓடிற்று. ஒரு திரைப்படத்தை இடையில் நாடா மாற்றாது பார்க்க விரும்பியோருக்கு எது உவப்பாயிருந்திருக்கும் என்பதைக் கூறவேண்டியதில்லை. விஎச்எஸ் முறையைப் பல நிறுவனங்கள் தயாரித்தமையால் விலையும் குறைந்தது. வாடகைக் கடைகளில் நாடாக்களும் பெருகின. 1988 இல் சோனி நிறுவனமே விஎச்எஸ் கருவிகளைச் செய்யத் தொடங்கியது. நம் கிராமங்களில் தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் மண்ணெண்ணெய் மின்பிறப்பாக்கியையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திற் பாய் விரித்து விடியுமட்டும் படம் பார்த்தோர், தாம் ஓர் உலகப் போட்டியின் முடிவைக் கண்டுகொண்டிருந்ததாக எண்ணியிருக்கமாட்டார். படத்தின் கோடுகளை எண்ணியவர் அவர்களில் ஒருவருமிலர்.

இனித் திறன்பேசிக்கு வருவோம். 2007 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில் அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் விற்பனைக்கு வந்தது. 2008 ஒக்ரோபரில் கூகிள் நிறுவனத்தின் அன்ட்ரொயிட் முறைமை கொண்ட முதலாவது தொலைபேசி வெளியாயிற்று. அதே பருவத்தில் வன்னி மக்கள் தம் ஊர்களை விட்டுக் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்துகொண்டிருந்தனர். 2002 இற் போர்நிறுத்த உடன்பாட்டின் பின் திறக்கப்பட்ட ஏ9 வீதி, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டிருந்தது. இலங்கைத்தீவிற் செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989 இலேயே தொடங்கிவிட்டது. 2006 இல் மூன்றாந் தலைமுறை வலையமைப்பும் கொழும்பில் வந்தது. வன்னிக்கு இவை வெறுஞ் செய்திகளே. எனவே உலகம் கண்ட முதலிரண்டு சுற்றுப் போட்டிகளையும் கனகராயன்குளம் காணவில்லை. முகாம்களினின்று மீள்குடியேறி, கூரைத் தகரங்களைத் தேடி அடுக்கிய குடும்பங்களின் கைக்கு முதலில் வந்தவை விலை குறைந்த விசைத் தொலைபேசிகளாகும். நொக்கியா 1100 என்னும் மாதிரி 2003 இல் வெளியாகி, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. தூசி புகாத விசைகளும் ஒரு சிறு மின்விளக்குமே அதன் பெருமை. பாம்பும் பூரானும் உலவும் வன்னி இருளில் அவ்விளக்கின் அருமையை அறியாதார் இலர். அது பெட்டிமேற் பெரிதாக அச்சிடப்படும் எண்களுள் ஒன்றன்று.

அக்காலத்தில் நொக்கியாவே கைத்தொலைபேசி உலகின் பேரரசாயிருந்தது. 2009 ஆம் ஆண்டில் விற்ற திறன்பேசிகளுள் ஏறத்தாழப் பாதி, அந்நிறுவனம் பெரிதும் பயன்படுத்திய சிம்பியன் முறைமையில் இயங்கின. பத்தாண்டு கழியுமுன் அப்பேரரசு இருந்த இடந் தெரியாமற் போயிற்று. அதன் பொறிகள் தரங்குறைந்தனவா என்றால், அன்று. 2012 இல் நொக்கியா வெளியிட்ட 808 என்னும் திறன்பேசியின் ஒளிப்படக் கருவி 41 மெகாபிக்சல் உடையது. அவ்வாண்டில் வந்த ஐபோனின் கருவியோ 8 மெகாபிக்சலே. ஐந்து மடங்கு பெரிய எண்ணைத் தாங்கி வந்த அக்கருவி சந்தையில் எடுபடாதொழிந்தது. ஏனெனில் அதற்கு முன்னாண்டிலேயே, 2011 பெப்ரவரியில், நொக்கியா சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் முறைமைக்கு மாறுவதாக அறிவித்துவிட்டது. சாகப்போகும் தளத்திற்குச் செயலி எழுத எவரும் முன்வரார். 2013 இல் 41 மெகாபிக்சல் கருவியொன்றை விண்டோஸ் தளத்தில் ஏற்றி லூமியா 1020 என வெளியிட்டனர், அதுவும் நிலைக்கவில்லை. நொக்கியாவின் தொலைபேசிப் பிரிவை 2014 இல் வாங்கி முடித்த மைக்ரோசொஃப்ட், அடுத்த ஆண்டிலேயே அதன்பொருட்டு ஏறக்குறைய 760 கோடி டொலரை நட்டமாகக் கணக்கெழுதியது. உலகின் மிகச் சிறந்த ஒளிப்படக் கருவி தன்னைப் படைத்தோரையே காத்திலது.

இதற்கு மறுதலையாக ஒன்று காட்டுவோம். 2014 இல் சாம்சங் வெளியிட்ட கலக்சி எஸ்5 திறன்பேசியில் நான்கு கருக்கொண்ட முறைவழியாக்கியும் 2 ஜிகாபைட் நினைவகமும் 16 மெகாபிக்சல் கருவியும் இருந்தன. அவ்வாண்டின் ஐபோன் 6 இல் இருந்தவை இரண்டு கரு, 1 ஜிகாபைட், 8 மெகாபிக்சல். எண்களை மட்டும் எழுதி ஒரு மாணவனிடம் கொடுத்தால், பின்னது முன்னதிற் பாதி என்றே புள்ளியிடுவான். ஆயின் பின்னது வெளியான முதல் மூன்று நாளில், அதன் பெரிய இணைமாதிரியோடு சேர்த்து, ஒரு கோடி விற்றது. விளம்பரத்தின் மயக்கம் என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது, ஓரளவு உண்மையுங்கூட. எனினும் பொறியியற் காரணம் ஒன்றுண்டு. அப்பிள் நிறுவனம் முறைமையையும் பொறியையும் தானே வகுப்பதால், ஒன்றின் அளவிற்கேற்ப மற்றதைத் தைக்கின்றது. அன்ட்ரொயிட் முறைமையோ எவர் செய்த பொறியிலும் இயங்கவேண்டியதாய், எவ்வுடலுக்கும் பொருந்துமாறு தைத்த சட்டைபோல் இருப்பது. மேலும் பின்னணியில் இயங்கும் செயலிகளை அப்பிள் முறைமை கடுமையாகக் கட்டுப்படுத்துவதால் அதற்கு வேண்டும் நினைவகமும் குறைவு. எனவே ஒரு தளத்தின் ஒரு ஜிகாபைட்டும் மறுதளத்தின் ஒரு ஜிகாபைட்டும் ஒரே அளவு அல்ல. வெவ்வேறு மரைக்கால்களால் அளந்த நெல்லை ஒப்பிடுதல் போன்றதே இவ்வொப்பீடும்.

தமிழர்க்கு இவற்றினும் ஆழமான சோதனை வேறொன்றிருந்தது. அது எழுத்துப்பற்றியது. பொறியுள் தமிழ் புகுந்த வரலாற்றைத் தொடங்கிவைத்தவருள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா நாடு சென்ற ஆர். முத்தையா அவர்கள் ஆவர். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்ச விசைகளில் அடக்குவது எங்ஙனம் என்பதே அவர் முன்னின்ற வினா. உயிர்மெய்களைப் பகுத்து, கொம்பு, கால், விசிறி முதலிய குறிகளைத் தனி விசைகளாக்கி, சில விசைகளை அழுத்தும்பொழுது தாள் நகராதிருக்குமாறு அமைத்து, அவர் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். பொறியின் உருக்கும் வில்லும் செருமானியத்தில் வார்க்கப்பட்டவை. அதனைத் தமிழ்ப் பொறியாக்கியது விசைகளின் ஒழுங்கு. அந்த இரும்பு ஆங்கிலேயர்க்கும் தமிழர்க்கும் பொதுவானதே. தளம் என்று இன்று சொல்லப்படுவதன் முதல் வடிவத்தை நாம் இங்கே காணலாம்.

தட்டச்சில் 'கெ' என்று எழுதக் கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னும் அடித்தல் வேண்டும். கண் காணும் ஒழுங்கு அது. கணினி வந்தபின் இலங்கையில் அச்சகங்களும் அலுவலகங்களும் பெரிதும் கைக்கொண்ட பாமினி எழுத்துருவும் இவ்வொழுங்கையே பின்பற்றியது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய ஏற்பாடு அது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே ஆவணம் பொருளற்ற ஆங்கிலக் கலவையாகத் தோன்றும். 1991 இல் வெளியான ஒருங்குறி என்னும் யூனிக்கோட் நியமம் வேறு நெறியை மேற்கொண்டது. அதில் ககரம் முன்னும் எகரக்குறி பின்னுமாக, ஒலியின் ஒழுங்கில் எழுத்துகள் சேமிக்கப்படும். திரையிற் காட்டும்பொழுது கொம்பை முன்னே நகர்த்துவதும், 'கொ' என்பதற்குக் கொம்பை இடமும் காலை வலமுமாகப் பிரித்து வைப்பதும் முறைமையின் கடன். அக்கடனை ஆற்றும் மென்பொருட் பகுதி இல்லாவிடின், நினைவகம் எத்துணைப் பெரிதாயினும் தமிழ் சிதைந்தே தோன்றும்.

தொடக்ககால அன்ட்ரொயிட் திறன்பேசிகளில் நிகழ்ந்தது இதுவே. விலையுயர்ந்த கருவியை வாங்கித் தமிழ்த் தளமொன்றைத் திறந்தவர் கண்டவை வெறுஞ் சதுரப் பெட்டிகள். எழுத்துரு சேர்க்கப்பட்ட கருவிகளிலும் கொம்பு எழுத்தின் பின்னே தொங்கிற்று. அதே வேளையில், சிறுதிரையும் எண்விசையும் மட்டுமுடைய மலிவான நொக்கியாத் தொலைபேசி வைத்திருந்தவர் தமிழைச் செவ்வனே வாசித்தார். இது எங்ஙனம் கூடிற்று? ஒபேரா மினி என்னும் உலாவி, பக்கங்களைத் தொலைவிலுள்ள சேவையகத்திலேயே ஆயத்தஞ் செய்து சுருக்கி அனுப்புவது. அதன் அமைப்புகளில் ஒன்றை மாற்றினால், தமிழ் எழுத்துகளைப் படமாக்கியே அனுப்பிவிடும். தொலைபேசிக்குத் தமிழ் தெரியவேண்டிய தேவையே அற்றுப்போயிற்று. 2010 ஆம் ஆண்டையொட்டித் தமிழ் வாசித்தோரிடையே இந்த உபாயம் காதோடு காதாகப் பரவியது. பன்மடங்கு விலையுள்ள கருவி ஊமையாயிருக்க, மலிவான கருவி தமிழ் பேசிய அக்காட்சி, வன்பொருள் எண்களைப் போற்றுவோர் மனங்கொள்ளத்தக்கது.

அப்பிள் தளத்தின் நிலை வேறு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் அவர்கள் வடித்த தமிழ் எழுத்துருக்களை அந்நிறுவனம் தன் முறைமைகளிற் சேர்த்துக்கொண்டமையால், ஐபோனில் தமிழை வாசித்தல் முன்னரே இயன்றது. எழுதுதல்தான் அரிதாயிருந்தது. அந்நிறுவனம் பிறர் ஆக்கிய விசைப்பலகைகளைத் தன் முறைமையுட் புக அக்காலத்தில் விடவில்லை. ஆதலின் 2005 முதல் கைத்தொலைபேசிகளில் வழங்கிய செல்லினம் போன்ற செயலியைத் திறந்து, அதனுள்ளே எழுதி, எழுதியதைப் பிறிதோரிடத்திற்குப் பெயர்த்து ஒட்டவேண்டியிருந்தது. 2013 இல் ஐஓஎஸ் 7 ஆம் பதிப்பில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகள் இயல்பாகவே அமைந்தன. பிறர் விசைப்பலகைகளுக்கு 2014 இற் கதவு திறந்தது. அன்ட்ரொயிட்டோ 2009 முதலே பிறர் விசைப்பலகைகளை ஏற்றது. ஆயின் எழுத்தைச் செவ்வையாகக் காட்ட 2011 இறுதியில் வந்த நான்காம் பதிப்புவரை காத்திருக்க நேர்ந்தது. ஆக, ஒரு தளத்தில் வாசிக்கலாம், எழுத இயலாது. மற்றதில் எழுதலாம், எழுதியதைக் காண இயலாது. தமிழர் இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்டிருந்த அவ்வாண்டுகளில்தான் பலர் தமிழை ஆங்கில எழுத்திலே தட்டும் பழக்கத்திற்கு ஆளாயினர். தடை நீங்கியபின்னும் பழக்கம் முற்றாக நீங்கவில்லை. இன்றைய மாணவரின் குறுஞ்செய்திகளைக் கண்டு மனம்நொந்து அவரது மொழிப்பற்றை ஐயுறும் ஆசிரியர்கள், குற்றத்தில் ஒரு பங்கு அக்காலப் பொறியாளர்க்கும் உண்டென்பதைக் கருத்திற்கொள்ளல் நன்று.

தளங்களுக்கிடையேயான வேலி வன்னிக் குடும்பங்களை வேறொரு வகையாலும் தொட்டது. போரினாற் சிதறிய உறவினர் கனடா, ஐக்கிய இராச்சியம், சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் வாழ்கின்றனர். அங்கே ஐபோன் மிகுதி. இங்கே அன்ட்ரொயிட் மிகுதி. 2010 இல் அப்பிள் வெளியிட்ட ஃபேஸ்டைம் என்னும் முகங்காண் உரையாடல் முறை அப்பிள் கருவிகளுக்குள் மட்டுமே இயங்கிற்று. அதனைப் பொது நியமமாக்குவதாக அன்று ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையில் உரைத்த வாக்கு நிறைவேறவில்லை. பிற கருவியுடையோர் இணைப்பொன்றின் வழியாக உரையாடலிற் சேர வழி பிறந்தது 2021 இலேயே. பேரப்பிள்ளையின் முகம் காண ஏங்கிய மூதாட்டிக்குப் பதினொரு ஆண்டு காத்திருத்தல் கூடுமா? வைபர், வட்ஸ்அப், ஐஎம்ஓ போன்ற செயலிகள் இரு தளங்களிலும் ஒரு தன்மையாய் இயங்கியமையால் அவையே கைக்கொள்ளப்பட்டன. நம்மூரில் ஒரு திறன்பேசி பயனுடையதா என்பதற்கு 'வட்ஸ்அப் வேலை செய்யுமா' என்னும் ஒரு வினாவே அளவுகோலாயிற்று. கனடாவிலிருந்து உறவினர் கொணர்ந்த ஐபோன்கள் சில, அந்நாட்டு நிறுவனமொன்றின் இணைப்பிற்கு மட்டும் பூட்டப்பட்டனவாயிருந்து, இங்கே வெறும் அலங்காரப் பொருளாய்க் கிடந்ததும் உண்டு. 2017 டிசெம்பர் முதல் கனடா அவ்வாறு பூட்டி விற்பதை விலக்கிற்று.

இவ்வளவும் கூறியமையால் வன்பொருள் ஒரு பொருட்டன்று என நாம் வாதிப்பதாக எவரும் கொள்ளற்க. அதற்கு ஒரு கீழெல்லை உண்டு. அவ்வெல்லைக்குக் கீழே விழுந்த கருவி எத்தளத்தினதாயினும் பயன்படாது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவ்வெல்லை நம் பிள்ளைகளுக்குத் தெரியவந்தது. பாடங்கள் வட்ஸ்அப் குழுக்களிலும் சூம் வகுப்புகளிலும் நடந்தன. நான்கு ஜிகாபைட் சேமிப்பகமுள்ள பழைய கருவி, ஆசிரியர் அனுப்பிய படங்களும் ஒலிப்பதிவுகளும் நிறைந்து சில நாளில் மூச்சடைத்து நின்றது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரு தொலைபேசியும் இருப்பின், அந்தியாவதன் முன் மின்கலம் ஓய்ந்தது. நாட்டின் பல பாகங்களில் மாணவர் அலைவரிசை தேடிக் குன்றுகளிலும் மரங்களிலும் ஏறிய செய்திகள் அக்காலப் பத்திரிகைகளில் வெளிவந்தன. அவர்க்கு வேண்டியது எட்டுக் கருவுடைய முறைவழியாக்கியன்று. அண்மையில் ஒரு கோபுரமும், அக்கோபுரத்தின் அலைவரிசையைப் பற்றும் தகுதியும், நாள் முழுதும் நிற்கும் மின்கலமுமே.

மின்கலத்தைப்பற்றி மேலும் ஒரு சொல். இலித்தியம் மின்கலங்கள் வெப்பத்தால் விரைந்து முதுமையடைவன. 35 பாகை செல்சியசிற்கு மேற்பட்ட சூழலில் தன் கருவிகளைப் பாவிக்கலாகாதென அப்பிள் நிறுவனமே அறிவுறுத்துகின்றது. வன்னியின் கோடைப் பகலில் தகரக் கூரையின்கீழ் அவ்வெல்லை காலை பத்து மணிக்கே தாண்டப்படும். முதிர்ந்த மின்கலமுள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருளாற் குறைத்து வந்ததை அந்நிறுவனம் 2017 டிசெம்பரில் ஒப்புக்கொண்டது. அதுதொடர்பான அமெரிக்க வழக்கொன்றை முடிக்க, 2020 இல் 50 கோடி டொலர்வரை கொடுக்க உடன்பட்டது. பெட்டியில் அச்சிட்ட வேகம் முதல் நாளின் வேகமேயாம். மூன்றாம் ஆண்டின் வேகத்தை எப்பெட்டியும் அச்சிடுவதில்லை. மெகாபிக்சல் எண்ணும் இத்தகையதே: 48 மெகாபிக்சல் எனப் பறையறையப்படும் கருவிகள் பல, நான்கு படவணுக்களை ஒன்றாக்கி 12 மெகாபிக்சற் படத்தையே வழக்கமாகத் தருகின்றன. கடைக்காரர் இதனைக் கூறுவதில்லை, வினவுவாருமிலர்.

பொறி எவ்வளவு திறமையானதாயினும் தளத்தினின்று வெட்டுண்டாற் பட்டுப்போகும் என்பதற்கு ஹுவாவே நிறுவனம் அண்மைக் காலச் சான்று. அதன் பி30 புரோ திறன்பேசியின் ஒளிப்படக் கருவி 2019 இல் உலகின் முன்னணிக் கருவிகளுள் வைத்து எண்ணப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா அந்நிறுவனத்தின்மீது வணிகத் தடை விதித்தது. செப்டெம்பரில் வெளியான மேற் 30 மாதிரி கூகிளின் அங்காடியும் வரைபடமும் இன்றி வந்தது. சீனத்திற்கு வெளியே அதன் சந்தை விரைவிற் சரிந்தது. ஒளிப்படக் கருவி முன்னையதினும் குறைந்ததன்று. அங்காடி இல்லை என்பதே குறை.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வாங்கும் நோக்கையே மாற்றிவிட்டது. மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவை எட்டிற்று. இறக்குமதிப் பொருளாகிய திறன்பேசியின் விலையும் அதனோடு ஏறிற்று. மார்ச்சின் இறுதி நாளில் நாடு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டது. யூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீட்டு முறை நடைமுறைக்கு வந்தபொழுது, உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் வைத்திருந்தோர் யாவரும் இணையத்திற் பதிவுசெய்யவேண்டியவராயினர். அக்குறியீடு புதிய ஐபோனின் திரையில் ஒளிர்ந்தாலும், விரிசல் விழுந்த பழைய திரையில் மங்கித் தெரிந்தாலும், கடதாசியில் அச்சிட்டுப் பொலித்தீன் உறையிலிட்டு நீட்டினாலும் கிடைத்த எரிபொருள் ஒரே அளவினதே.

புதியதை வாங்க இயலாதபோது, பழையதை எத்தனை ஆண்டு பாவிக்கலாம் என்னும் வினா முன்னுக்கு வருகின்றது. இங்கே தளங்களின் வேற்றுமை மீண்டும் வெளிப்படும். 2015 இல் வெளியான ஐபோன் 6எஸ் மாதிரி 2021 இன் ஐஓஎஸ் 15 பதிப்பையும் பெற்றது. அக்கால அன்ட்ரொயிட் திறன்பேசிகளிற் பெரும்பாலன இரண்டு ஆண்டுகளில் அநாதைகளாயின. தயாரித்தோர் பலராயிருந்தமை அத்தளத்திற்கு மலிவைத் தந்தது. பொறுப்பேற்பார் ஒருவரில்லாமை அதன் விலையாயிற்று. கூகிள் 2023 ஒக்ரோபரில் தன் பிக்சல் 8 இற்கும், சாம்சங் 2024 யனவரியில் கலக்சி எஸ்24 இற்கும் ஏழாண்டு புதுப்பிப்பை வாக்களித்தன. இவை உயர்விலை மாதிரிகள். நாற்பதினாயிரம் ரூபாய்க்குக் கருவி தேடுவார்க்கு அவ்வாக்கு அப்படியே கிட்டுவதன்று. 2025 யனவரி முதலாம் நாளில் வட்ஸ்அப் அன்ட்ரொயிட் நான்காம் பதிப்புக் கருவிகளைக் கைவிட்டது. தமிழைத் திருத்தமாகக் காட்டத் தொடங்கிய பதிப்பு அதுவே. அதே ஆண்டு மே மாதத்தில் ஐபோன் 6 உம் கைவிடப்பட்டது. திரையும் விசையும் கெடாத பொறிகள் அன்று முதல் உறவினரோடு பேச உதவாதொழிந்தன. நமது நோக்கில், கனகராயன்குளத்தவர் ஒருவர் திறன்பேசி வாங்குங்கால் வினவத்தக்க முதல் எண், இன்னும் எத்தனை ஆண்டு புதுப்பிப்புக் கிடைக்கும் என்பதே. மெகாபிக்சல் கடைசியில் வரட்டும்.

எனினும் எண்களின் ஆட்சி ஒருவகையில் மீள்வதையும் காண்கின்றோம். 2017 இல் கூகிளின் குரல்வழித் தட்டச்சுத் தமிழை ஏற்றபொழுது, இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் முதலிய தெரிவுகள் அமைந்தன. ஒலியைப் பகுத்தறியும் வேலை தொலைவிலுள்ள சேவையகத்தில் நடந்தமையால் மலிவான கருவிக்கும் அது கிட்டிற்று. எழுத்தறியாத மூதாட்டியும் தன் மொழியிற் பேசிச் செய்தி அனுப்பலாயிற்று. ஒபேரா மினி செய்த உபாயம் ஏழாண்டு கழித்துக் குரலில் மீண்டது எனலாம். 2024 இல் அப்பிள் நிறுவனம் தன் செயற்கை நுண்ணறிவுச் சேவையை அறிமுகஞ் செய்தபோது வேறு நெறியைக் கைக்கொண்டது. பெரும்பகுதி வேலை கருவியினுள்ளேயே நிகழவேண்டும் என வகுத்தமையால், 8 ஜிகாபைட் நினைவகமுள்ள ஐபோன் 15 புரோவும் அதற்குப் பிந்தியனவுமே அதனைப் பெற்றன. ஓராண்டே பழையதாகிய ஐபோன் 15, நினைவகம் 6 ஜிகாபைட் ஆதலாற் புறத்தே நிறுத்தப்பட்டது. அறிமுகமானபொழுது அச்சேவை அறிந்த மொழி ஆங்கிலம் ஒன்றே. 2025 ஏப்ரலிற் சேர்ந்த மொழிகளுள்ளும் தமிழ் இல்லை. கூகிளின் ஜெமினி செயலியோ 2024 யூனில் இந்தியாவில் வெளியானபோதே, சேவையகத்தின் துணையோடு, தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளை ஏற்றது. எட்டு ஜிகாபைட் ஐபோனை வாங்கியவர் ஆங்கிலத்திற் கேட்க, விலை குறைந்த அன்ட்ரொயிட் கருவியைக் கையிலெடுத்தவர் தமிழிற் கேட்கும் நிலை மீண்டும் தோன்றியிருக்கின்றது.